மாசிச் சந்தைக்கு முன்விதைப்பு

தையில் நெல் வெட்டவேண்டுமாயின் புரட்டாதியில் விதைக்க வேண்டுமென்பதை எங்கள் கமக்காரருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. உல்லாசப் பிரயாணத் தொழிலுக்கும் அத்தகைய பருவமொன்று உண்டு. மாசி மாதமளவில், அதாவது மார்ச்சில், பேர்லின் நகரிலே உலகப் பிரயாணப் பொருட்காட்சி ஆண்டுதோறும் கூடுகின்றது. 1966 இல் ஐந்து நாடுகளிலிருந்து வந்த ஒன்பது காட்சியாளருடன் தொடங்கிய அது, இன்று பெருஞ் சந்தையாக வளர்ந்துள்ளது. அங்கே கூடுவோர் வேடிக்கை பார்ப்பவரல்லர். தம் வாடிக்கையாளரை இனி எங்கே அனுப்பலாமென்று கணக்குப் பார்க்கும் வணிகர்.

பேர்லினுக்கும் தெல்லிப்பழைக்கும் என்ன தொடர்பென்று வாசகர் வினவலாம். பலாலியும் காங்கேசன்துறையும் எமது பிரதேசச் செயலகப் பிரிவைச் சேர்ந்தவை. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று; 2023 இல் நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் வந்தது. ஆயினும் வந்திறங்குவோர் பலர் நம் படலையைக் கடந்து நேரே பட்டினத்துக்குச் செல்வதையே காண்கின்றோம். குறை அவர்களுடையதன்று, நம்மிடம் காண்பதற்கு என்ன உண்டென்று நாம் சொல்லவில்லை.

ஓர் உதாரணம் கூறுவோம். மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவில் மகோற்சவம் ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்துடன் நிறைவெய்துகின்றது. அத்திதி ஆண்டுக்காண்டு மாறும். 'ஆடி அமாவாசை' என்று மட்டும் அச்சிட்ட துண்டுப்பிரசுரம் ஜேர்மானிய வணிகருக்கு எவ்வாறு பயன்படும்? பஞ்சாங்கத்தைப் பார்த்து ஆங்கிலத் தேதியை முன்கூட்டியே குறித்தல் வேண்டும். தங்குவதற்கு எத்தனை அறைகள், உண்பதற்கு யாது, விமான நிலையத்திலிருந்து எத்தனை மைல், கோவிலினுள் ஆடவர் மேலாடை களைய வேண்டும், கீரிமலையில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் கேணிகள் வெவ்வேறு என்பனவற்றையும் எழுதல் வேண்டும்.

எழுதத் தகாததும் உண்டு. 1990 இல் இடம்பெயர்ந்தவருட் சிலர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. கூரையிழந்த வீடுகள் விருந்தினருக்குக் காட்சிப் பொருள்களல்ல. நம் ஊரைப் பற்றி நாமே எழுதாவிடின் பிறர் எழுதுவர்; அப்பொழுது எதைக் காட்டுவது, எதை மறைப்பதென்ற தீர்மானமும், அதனால் வரும் ஊதியமும் அவர்களுடையனவாகிவிடும்.

பொருட்காட்சியில் இலங்கை அரங்கை அமைப்பது சுற்றுலா ஊக்குவிப்புப் பணியகம். மார்ச்சில் அதன் கதவைத் தட்டிப் பயனில்லை. ஐப்பசிக்கு முன்னரே நமது ஏடு அங்கே சேரவேண்டும். மாணவர்களே, இவ்விடுமுறையில் ஆளுக்கோர் இடத்தைத் தேர்ந்து, நேரிற் சென்று, முதியோரைக் கேட்டு, ஒரு பக்கம் எழுதுங்கள். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. விதை நம் கையில் இருக்கின்றது, பருவத்தைத் தவறவிடாதிருப்போமாக.