சென்ட்டுக் கணக்கில் வாங்குகிறார்கள், சதுர அடிக் கணக்கில் விற்கிறார்கள்

சென்னைக்குத் தெற்கே உள்ள தாம்பரம் இன்று ஒரு மாநகராட்சி. 2021-ம் ஆண்டில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து அதை அமைத்தார்கள். ரயில்வே தொழிலாளி, குரோம்பேட்டை தோல் தொழிலாளி, அனகாபுத்தூர் நெசவாளி, மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்கு ஷிப்டு வேலைக்குப் போகும் பெண்கள், கம்ப்யூட்டர் கம்பெனி வாலிபர்கள், வட மாநிலங்களிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளர்கள் என்று பல ஜாதி, பல மதம், பல மொழி ஜனங்கள் கூடி வாழும் ஊர் அது. இவர்கள் எல்லோருக்கும் உள்ள ஆசை ஒன்றுதான்: சொந்தமாக ஒரு வீடு.

அந்த ஆசையை வைத்து நடக்கும் வியாபாரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். சதுர அடியில் சொன்னால் 43,560. கிரவுண்டில் சொன்னால் 18-க்குச் சற்று மேல். மனை வியாபாரி நில உடைமையாளரிடம் பேசும்போது சென்ட்டுக்கு இவ்வளவு என்கிறார். அதே நிலத்தில் கல் நட்டு, செம்மண் சாலை போட்டு, கொடி கட்டியபின் தொழிலாளியிடம் சதுர அடிக்கு இவ்வளவு என்கிறார். ஒரு சென்ட்டில் 435 சதுர அடிக்கு மேல் இருக்கிறது என்பதை அவசரத்தில் யாரும் பெருக்கிப் பார்ப்பதில்லை. சாலைக்கும் பூங்காவுக்கும் நிலம் விட வேண்டியிருக்கிறது என்பது வாஸ்தவம்தான். அந்தச் செலவும் மனை விலையிலேயே ஏற்றப்படுகிறது என்பதும் வாஸ்தவம்.

நிலத்தை விற்றவருக்குப் பணம் வந்தது. வாங்கி விற்றவருக்கு லாபம் வந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்டவளுக்கும் களை பறித்தவளுக்கும் என்ன வந்தது? ஒரு காசும் வரவில்லை. தனியார் நிலம் கைமாறும்போது விவசாயத் தொழிலாளிக்கு நஷ்டஈடு கொடுக்க எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. 1971-ல் வந்த குடியிருப்பு உரிமைச் சட்டம், மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளிக்கு அந்தக் குடிசை மனையைச் சொந்தமாக்கியது. பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் குடிசைக்கு உரிமை தந்த சட்டம் வேலைக்கு உரிமை தரவில்லை. வயல் மனையானதும் குடிசை மிஞ்சுகிறது, கூலி போய்விடுகிறது. நேற்று ஏர் ஓட்டியவர் இன்று அதே மண்ணில் எழும் அடுக்குமாடி வீட்டுக்குக் காவற்காரர்.

வாங்கும் தொழிலாளியின் கதை என்ன? சேமநல நிதியை எடுத்து, மனைவி தாலியை அடகு வைத்து, மைத்துனரிடம் கைமாற்று வாங்கிப் பணம் சேர்க்கிறார். 30 லட்ச ரூபாய் வழிகாட்டி மதிப்புள்ள வீடு என்றால் முத்திரைத் தீர்வை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் மூன்றும் சேர்த்து 9 சதவிகிதம், அதாவது 2,70,000 ரூபாய் சர்க்காருக்குக் கட்ட வேண்டும். முதல் வீடு வாங்கும் தொழிலாளிக்கும் பத்தாவது வீடு வாங்கும் பணக்காரருக்கும் ஒரே விகிதம்! 2025 ஏப்ரல் முதல், பெண்கள் பெயரில் 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் 1 சதவிகிதம் குறைத்திருக்கிறார்கள். வரவேற்கிறோம். ஆனால் தாம்பரம் மாநகராட்சிக்குள் 10 லட்சத்துக்கு வீடு எங்கே கிடைக்கிறது என்பதையும் சர்க்கார் காட்டினால் நல்லது.

இத்தனை கட்டிப் பதிவு செய்தபின் சொத்து நம்முடையதென்று நினைக்கிறோம். அதுவும் நிச்சயமில்லை. சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரே தவிர, விற்பவருக்கு உரிமை உண்டா என்று தீர்ப்புச் சொல்வதில்லை. உரிமையைச் சோதிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை என்று 2025 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. வெறும் பவர் பத்திரத்தை வைத்து வாங்கினால் உரிமை மாறாது என்று 2011-லேயே அதே கோர்ட் சொன்னது. இன்னும் பவர் பத்திரத்தை நீட்டி முன்பணம் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் அடையாறு வீடுகளுக்குள் புகுந்தது. ஜனங்களைப் படகில் ஏற்றி மீட்டார்கள். தண்ணீர் தன் பழைய வழியைத் தேடி வந்தது. அந்த வழியில் மனை போட்டு விற்றவர்கள் மூழ்கவில்லை, வாங்கியவர்கள் மூழ்கினார்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று சென்னை ஹைக்கோர்ட் தடை போட்டதும் 2016 செப்டம்பரில்தான். அதற்குள் எத்தனையோ ஏரிக்கரைகள் பத்திரமாகிவிட்டன.

இன்னொரு கொடுமையையும் சொல்லியாக வேண்டும். விலை பேசி முடித்த பிறகு, “நீங்கள் என்ன ஆட்கள்?” என்று கேட்கிறார்கள். முஸ்லிம் என்றால், தாழ்த்தப்பட்டவர் என்றால், மாமிசம் சாப்பிடுகிறவர் என்றால் வீடு திடீரென்று வேறொருவருக்குப் பேசப்பட்டதாகிவிடுகிறது. அரசியல் சட்டத்தின் 15-வது ஷரத்து கடை, ஹோட்டல், கிணறு, குளம், சாலை இவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. தனியார் வீட்டு விற்பனையைப் பற்றிப் பேசவில்லை. ஆமதாபாத்தில் பார்சிகள் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற ஒரு வீட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் விதியை 2005-ல் சுப்ரீம் கோர்ட் செல்லும் என்றது. ஆலையில் ஒரே மிஷினில் தோளோடு தோள் நிற்கும் இருவர், ஒரே தெருவில் வீடு வாங்க முடியாதென்றால் இந்த மாநகரம் யாருக்கு? தொழிற்சங்கத்தில் இருந்துகொண்டே வீட்டை விற்கும்போது மட்டும் ஜாதி கேட்கும் தோழர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறோம்.

சட்டம் முழுக்கக் கைவிட்டுவிட்டது என்றும் சொல்லமாட்டோம். 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவும், எட்டு வீடுகளுக்கு மேற்பட்ட கட்டடமும் பதிவு செய்யப்பட வேண்டும். ஒப்பந்தம் பதிவாகாமல் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குவோர் பணத்தில் 70 சதவிகிதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையத்தில் கட்டணமில்லாமலே பார்க்கலாம்.

முதல் வீடு வாங்கும் தொழிலாளிக்குத் தீர்வையைப் பாதியாகக் குறைக்கக் கோருகிறோம். ஏரி, ஓடை, புறம்போக்கு சர்வே எண்களைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பலகையில் எழுதிவைக்கக் கோருகிறோம். ஜாதியும் மதமும் கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கக் கோருகிறோம். அதுவரை எந்தத் தோழரும் தனியாகப் போய் முன்பணம் கொடுக்க வேண்டாம். தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கம், அங்கீகார எண் இந்த நான்கையும் எடுத்துக்கொண்டு முதலில் சங்க அலுவலகத்துக்கு வரட்டும். படிக்கத் தெரிந்தவர்களோடு உட்கார்ந்து வாசித்த பிறகு பணத்தை எண்ணட்டும்.