கடன் தீர்க்கும் ஊர்

மகளின் படிப்புக்காக வளையலை அடகு வைத்த தாய்மார்கள் நம்மில் எத்தனையோ பேர். அவள் படித்து முடித்ததும், "எங்கே சம்பளம் அதிகம்?" என்றுதான் முதலில் கேட்போம். தப்பே இல்லை. வட்டி காத்திருக்குமா, சொல்லுங்கள்!

அமெரிக்காவிலும் இதே கதைதான். அங்கே பெரும்பாலும் மாணவியே தன் பெயரில் கடன் வாங்கிப் படிக்கிறாள். மனக் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் சமூக ஊழியராக வேண்டுமானால் முதுகலைப் பட்டம் வேண்டும். பிறகு, அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் வேலை பழகினால்தான் லைசென்ஸ். அதற்குள் கடன் கழுத்து வரை வந்துவிடுகிறது. அப்புறம் மலையோரக் கிராமத்துக்கும் பழங்குடியினர் ஊருக்கும் யார் போவார்கள்? மனநல உதவி போதவில்லை என்று அந்த நாட்டுச் சர்க்காரே குறித்து வைத்திருக்கும் பகுதிகளில் 12 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வசிக்கிறார்கள்!

இதற்கு அவர்கள் கண்ட யுக்தி சுவாரசியமானது. 1970 டிசம்பர் 31-ந் தேதி ஜனாதிபதி நிக்ஸன் கையெழுத்திட்ட சட்டத்தின் மூலம் தேசிய சுகாதார சேவைப் படை பிறந்தது. படிப்புக் கடனை அடைக்கும் திட்டம் 1987-ல் சேர்ந்தது. அத்தகைய ஊரில் இரண்டு வருஷம் முழு நேரம் உழைக்கச் சம்மதித்தால், மனநலத் துறையினருக்கு 50,000 டாலர் வரை கிடைக்கும். அதற்கு வருமான வரி கிடையாது. பணத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். கடனைக் கட்ட வேண்டியது அவள் பொறுப்பு.

பாதியில் விட்டுப் போனால்? அபராதம் குறைந்தது 31,000 டாலர்! கணவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டால் என்ன செய்வது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. முன்கூட்டியே அனுமதி பெற்று, அங்கீகாரம் பெற்ற வேறோர் இடத்துக்கு மாறலாம். அனுமதியில்லாமல் கிளம்பினால்தான் ஆபத்து.

நல்ல திட்டம்தான். ஆனால் எனக்கு ஒரு கவலை உண்டு. காய்ச்சல் என்றால் ஊசி போட்டு அனுப்பிவிடலாம். மனத்தில் பட்ட அடி அப்படியா? குடிகாரக் கணவனைப் பற்றியோ, இறந்துபோன குழந்தையைப் பற்றியோ ஒருத்தி வாய் திறக்கவே மாதங்கள் ஆகும். அவள் மனம் விட்டுப் பேசத் தொடங்கும் சமயத்தில், "என் கெடு முடிந்தது, வருகிறேன்" என்று இவள் பெட்டியைக் கட்டினால்? அடுத்து வருகிறவளிடம் முதலிலிருந்து அழ வேண்டுமே!

கடன் பாக்கி இருக்கும் வரை வருஷத்துக்கு வருஷம் ஒப்பந்தத்தை நீட்டிக்கொள்ள வழி இருக்கிறது. ஆனால் கடன் தீர்ந்த பிறகும் அவள் அங்கே தங்குவாளா? குடியிருக்க நல்ல வீடு, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், ஒத்தாசைக்கு அண்டை அயல் இவற்றைப் பார்த்துத்தான் எந்தப் பெண்ணும் தங்குவாள். இதில் சர்க்காரால் எல்லாவற்றையும் செய்துவிட முடியாது. ஊர்ப் பெண்களுக்கும் பங்குண்டு.

அது சரி, உங்கள் தெருவுக்குப் புதிதாக வந்திருக்கிறாரே நர்ஸம்மா, அவரை ஒரு நாளாவது காப்பிக்குக் கூப்பிட்டீர்களா?