மீனுக்கு அறுப்பு இல்லை, அறமும் இல்லையா?

ஆட்டிறைச்சியோ கோழியோ வாங்கும்போது, "யார் அறுத்தது? பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தார்களா?" என்று கேட்காத முஸ்லிம் குடும்பம் இல்லை. மீன் வாங்கும்போதோ விலையைத் தவிர நாம் எதையும் கேட்பதில்லை. நீரில் வேட்டையாடுவதையும் அதன் உணவையும் அல்லாஹ் நமக்கு ஆகுமாக்கியுள்ளான் (அல்குர்ஆன் 5:96). மீனை அறுக்க வேண்டியதில்லை. செத்த மீனும் ஹலால். இது மார்க்கம் தந்த சலுகை. ஆனால், பிடிக்கும் முறையில் ஒழுக்கம் வேண்டாம் என்பதற்கான அனுமதி அன்று.

எல்லாக் காரியங்களிலும் இஹ்ஸானை, அதாவது அழகிய முறையைப் பேணுவது கடமை என்று கற்பித்த நபி (ஸல்) அவர்கள், அறுப்பவர் கத்தியைத் தீட்டிக்கொள்ள வேண்டும் என்றும் பணித்தார்கள் (முஸ்லிம்). உயிருள்ள ஒன்றை அம்பெய்யும் இலக்காக்குவதையும் தடுத்தார்கள். மீனும் உயிருள்ளதுதானே?

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் வாழும் நமக்கு வெடிமருந்தின் குணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு பொறி எத்தனை வீடுகளின் விளக்கை அணைக்கும் என்பதை அறிவோம். அதே வெடியைத் தண்ணீருக்குள் போட்டு மீன் பிடிப்போரும் இருக்கிறார்கள். நீருக்குள் எழும் அதிர்ச்சி அலை மீனின் காற்றுப்பையைக் கிழிக்கிறது. செத்தவற்றுள் பல மிதக்காமல் அடியில் மூழ்கி, யாருக்கும் பயன்படாமல் அழுகிப்போகின்றன. விராலும் கெளுத்தியும் மட்டுமல்ல, அவற்றின் குஞ்சுகளும் அழிகின்றன. இது வேட்டையன்று, இஸ்ராஃப், அதாவது வீண்விரயம். வெடி வைத்தும் நஞ்சு கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது.

தூண்டிலுக்கும் இதே அளவுகோல்தான். இறகால் செய்த பொய் ஈயைத் தூண்டிலில் கட்டி, பிடித்த மீனை மீண்டும் ஆற்றிலேயே விடும் வழக்கம் மேலை நாடுகளில் உண்டு. மீனினம் அழியக்கூடாது என்ற அக்கறை அதில் இருக்கலாம். எனினும், உண்ணும் நோக்கமின்றி ஓர் உயிரின் வாயில் முள்ளேற்றுவது விளையாட்டாகாது என்பதே என் கருத்து. கண்மாய்க்குச் செல்லும் நம் பிள்ளைகள் உண்பதற்கு வேண்டியதை மட்டும் பிடிக்கட்டும். சிறு மீன் சிக்கினால், அதன் மேலுள்ள வழுவழுப்பு கெடாதவாறு நனைந்த கையால் எடுத்து உடனே நீரில் விடட்டும்.

பொறுத்திருந்து பிடிப்பது நம் மண்ணுக்குப் புதிதன்று. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் பல ஊர்களில் கோடையில் கண்மாய் வற்றும்வரை யாரும் மீனைத் தொடுவதில்லை. ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிய பிறகே ஊத்தாவும் கச்சாவும் நீரில் இறங்குகின்றன. நம் சந்தைக்குக் கடல்மீன் வரும் கிழக்குக் கடற்கரையிலும், இனப்பெருக்கத்திற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு.

இத்தகைய தடையைக் குறித்தே பேசுகிறது சனிக்கிழமைவாசிகளின் வரலாறு (அல்குர்ஆன் 7:163-166). மீன்பிடிக்கத் தடுக்கப்பட்ட நாளில்தான் அவர்களிடம் மீன்கள் திரண்டு வந்தன. அது சோதனை. ஒரு கூட்டம் வரம்பு மீறியது. ஒரு கூட்டம் தடுத்தது. இன்னொரு கூட்டமோ, "இவர்களுக்கு ஏன் உபதேசிக்கிறீர்கள்?" என்று தடுத்தவர்களையே கேட்டது. தீமையைத் தடுத்தோர் காப்பாற்றப்பட்டார்கள் என்று அல்லாஹ் தெளிவாகச் சொல்கிறான்.

வெடி வைப்பவர் சிலர்தாம். மலிவாகக் கிடைக்கிறதென்று கேள்வி கேட்காமல் வாங்குவோரோ பலர். அடுத்த முறை மீன்காரரிடம், "எந்தத் தண்ணீர் மீன்? எப்படிப் பிடித்தது?" என்று கேளுங்கள். வெடி வைத்தது என்று தெரிந்தால் வாங்காதீர்கள். காரணத்தை அவரிடம் கனிவாகச் சொல்லுங்கள்.

தடுப்போரின் கூட்டத்தில் அல்லாஹ் நம்மைச் சேர்ப்பானாக! ஆமீன்.