ரிப்போர்ட் நார்மல் என்ற பிறகு

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஈசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தாயிற்று. "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்கிறார் மருத்துவர். நல்ல செய்திதான். ஆனால், ஓராண்டாகக் கழுத்து வலியும் படபடப்பும் கிறுகிறுப்புமாகத் தவிக்கும் பெண்ணுக்கு அந்தச் சொல் ஆறுதலாக இருப்பதில்லை. வீட்டுக்கு வந்தால், "ஒண்ணும் இல்லைன்னுதானே சொன்னாங்க, அப்புறம் என்ன?" என்ற கேள்வி காத்திருக்கிறது. அன்றிலிருந்து வலியைத் தாங்குவதோடு, வலி இருப்பதை நிரூபிக்கும் வேலையும் அவர் தலையில் ஏறிக்கொள்கிறது.

மருத்துவரையும் குறை சொல்லிவிட முடியாது. 67 நாடுகளின் தரவுகளைத் திரட்டி 2017இல் 'பிஎம்ஜே ஓபன்' இதழில் வெளியான ஆய்வு, இந்தியாவில் முதல்நிலைச் சிகிச்சையில் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நேரம் ஏறத்தாழ 2 நிமிடம் என்கிறது. உயிருக்கு ஆபத்தான நோய் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே அந்த நேரம் போதாது. 'ஆபத்தாக ஒன்றும் இல்லை' என்று அவர் சொல்ல நினைத்தது, வெளியே நிற்கும் கூட்டத்தின் அவசரத்தில் 'ஒன்றும் இல்லை' என்று சுருங்கிவிடுகிறது.

நம் மொழியில் 'உளைச்சல்' என்றொரு சொல் இருக்கிறது. கை கால் உளைச்சல் என்போம். மன உளைச்சல் என்றும் சொல்வோம். உடலையும் மனத்தையும் அது பிரித்துப் பார்ப்பதில்லை. மருத்துவ அறிவியலும் இன்று அந்த இடத்துக்குத்தான் வந்துகொண்டிருக்கிறது. நீண்ட நாள் வலி, தூக்கமின்மை, ஓயாத கவலை, ஒரு காய்ச்சலின் பின்விளைவு என ஏதோ ஒன்று நரம்பு மண்டலத்தின் உணர்திறனைக் கூட்டிவிடலாம். அப்போது சாதாரண அசைவும் வலியாகிறது. வயிற்றின் இயல்பான இயக்கமே பிசைவாகத் தெரிகிறது. வீணையில் விரிசல் இல்லை, சுருதி கலைந்திருக்கிறது. விரிசலைத் தேடும் ஸ்கேனில் சுருதி தெரியாது. வலியோ உண்மையானது.

"எல்லாம் மனசுதான்" என்பவர்கள் பக்கமும் ஓரளவு நியாயம் உண்டு. 14 நாடுகளில், பெங்களூரு உட்படப் பல ஊர்களின் மருத்துவ மையங்களில் உலக சுகாதார நிறுவனம் திரட்டிய தரவுகள் 1999இல் வெளியாயின. மனச்சோர்வு கண்டறியப்பட்ட 1,146 பேரில் 69 சதவீதத்தினர் உடல் உபாதைகளை மட்டுமே சொல்லி மருத்துவரிடம் வந்திருந்தனர். மனத்தின் பாரத்தை உடல்வழியே சொல்வது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை, உலகெங்கும் உள்ளதுதான்.

ஆனால், அந்த ஒரே பதிலை எல்லோருக்கும் சொல்லிவிட முடியாது. வயிற்றுப் புண்ணுக்குக் கவலையும் காரமும்தான் காரணம் என்று நெடுங்காலம் நம்பினோம். பெரும்பாலான புண்களின் பின்னால் ஒரு பாக்டீரியா இருப்பதைக் கண்டறிந்த பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. தைராய்டு குறைபாடும் பி12 பற்றாக்குறையும் வெறும் அசதியாகக் கடந்துபோவதுண்டு. எண்டோமெட்ரியோசிஸ் உள்ள பெண்களுக்கு அதன் பெயர் தெரியவே பல ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. ஆகவே நோயாளியின் சந்தேகத்தை அலட்சியப்படுத்துவது சரியல்ல. அதே சமயம், மருத்துவமனை மாற்றி மருத்துவமனை ஏறி, அதே பரிசோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்வதும் தீர்வாகாது. வலியே இல்லாதவர்களின் முதுகை எம்ஆர்ஐ எடுத்தாலும் பலருக்கு டிஸ்க் பிதுக்கம் தெரியும். அந்தப் படம் புதிய பயத்தைத் தரும். நகையும் அடகுக்குப் போயிருக்கும்.

இரண்டுக்கும் நடுவே நடக்கக்கூடிய பாதை ஒன்று உண்டு. நம்பிக்கையான ஒரே மருத்துவரிடம், வலி கூடினாலும் குறைந்தாலும், சொன்ன தேதியில் போய்வருவது. பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே கோப்பில் கொண்டுபோவது. காரணமின்றி எடை குறைந்தாலோ, விடாத காய்ச்சல், மலத்தில் இரத்தம், கை கால் பலவீனம் போன்றவை தோன்றினாலோ தயங்காமல் மறுபடி பரிசோதிப்பது. மற்றபடி, சிறுகச் சிறுகக் கூட்டும் நடை, உடற்பயிற்சி, ஒழுங்கான தூக்கம். ஃபைப்ரோமயால்ஜியா போன்ற பரவலான வலிக்கு, மருந்துகளைவிட உடற்பயிற்சிக்கே வலுவான சான்று இருக்கிறது. மனநல ஆலோசனையைச் சிகிச்சையின் ஒரு பகுதியாக மருத்துவர் முதலிலேயே சொல்லிவிட்டால், கடைசியில் கைகழுவி அனுப்பியதாக நோயாளிக்குத் தோன்றாது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது இன்னும் எளிது: ரிப்போர்ட்டைக் கேட்பதற்கு முன், இராத்திரி தூங்கினாயா என்று கேட்பது, தண்ணீர்க் குடத்தை ஒருநாள் தாங்களே தூக்குவது.

அரசுக்கும் இதில் வேலை இருக்கிறது. கோவாவில் இரண்டு மாதம் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்களை ஆலோசகர்களாகச் சுகாதார நிலையங்களில் அமர்த்திப் பார்த்தார்கள். மனச்சோர்வும் பதற்றமும் கொண்டவர்களுக்கு அரசு நிலையங்களில் அது பலன் தந்ததை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது. தனியார் மருத்துவர்களிடம் அந்த வித்தியாசம் தெரியவில்லை. தமிழ்நாட்டில் நம்மிடம் 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் இருக்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண் தன்னார்வலருக்கு அந்தத் தெருவின் கதை தெரியும். திண்ணையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்பதற்கான பயிற்சியையும், அதற்கேற்ற ஊதியத்தையும் அவருக்குத் தர முடியும்.