முள் சொல்வது மெய்யா?

“மீட்டரு எப்பவும் பத்து கூட்டித்தான் காட்டும். எழுபது காட்டினா அறுபதுலதான் போறோம்னு அர்த்தம்!”

செஞ்சிக் கூட்டு ரோட்டுத் தேநீர்க் கடையில் நண்பர் ஒருவர் இப்படிச் சொன்னார். சுற்றி நின்ற அனைவரும் ஆமோதித்தனர். இயற்பியல் பயிலும் மாணவன் என்பதால் எனக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. இக்கூற்றில் பாதி உண்மை உண்டு. ஆனால் பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிடக் கொடியது என்பதே என் கருத்து.

முதலில் உண்மையான பாதியைக் காண்போம். ஜெர்மானியரான ஓட்டோ ஷுல்ட்ஸ 1902-இல் காப்புரிமை பெற்ற வேகமானியே நெடுங்காலம் வண்டிகளில் இருந்தது. சக்கரத்தோடு இணைந்த கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும். காந்தம், தன்னைத் தொடாமலே சூழ்ந்திருக்கும் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும். மெல்லிய சுருள்வில் அதைத் தடுக்கும். இந்த இழுபறியில் முள் நிற்கும் இடமே வேகம். இன்றைய வண்டிகளில் காந்தத்தின் இடத்தை மின்னணு உணரி பிடித்துக்கொண்டது. ஆயினும் இரண்டும் எண்ணுவது சக்கரத்தின் சுழற்சியைத்தான், சாலையை அல்ல. டயர் தேய்ந்தால் அதன் சுற்றளவு குறையும். அதே தூரத்துக்குச் சக்கரம் கூடுதலாகச் சுழலும். முள்ளும் கூட்டிக் காட்டும்.

இதையெல்லாம் எண்ணித்தான் ஐக்கிய நாடுகள் அவையின் 39ஆம் ஒழுங்குமுறை ஒரு வரம்பு வகுத்தது. முள் காட்டும் வேகம் உண்மை வேகத்துக்குக் குறையவே கூடாது, கூடலாம். அதுவும் கார்களுக்கு உண்மை வேகத்தில் பத்து விழுக்காடும் 4 கி.மீ.யும் சேர்ந்த அளவுக்கு மேல் போகக் கூடாது. 60 கி.மீ. வேகத்தில் செல்லும் கார் 60 முதல் 70 வரை எதையும் காட்டலாம். அதாவது, பத்துக் கூட்டிக் காட்ட அனுமதி உண்டு. கூட்டிக் காட்டியே தீரும் என்ற உறுதி இல்லை! நண்பர் தவறியது இங்கேதான்.

வாதத்தோடு நில்லாமல் சோதித்தும் பார்த்தேன். கைக்கடிகாரமும் கி.மீ. கற்களும் போதும். 3600-ஐ, ஒரு கி.மீ. கடக்க ஆகும் வினாடிகளால் வகுத்தால் உண்மை வேகம் கிடைக்கும். வாகன நடமாட்டம் குறைந்த ஒரு விடியற்காலையில், திண்டிவனம் சாலையில் நண்பன் வண்டி ஓட்ட, நான் பின்னால் அமர்ந்து நேரம் குறித்தேன். முள் 50-இல் நிலையாக நின்றது. ஆனது 78 வினாடி. உண்மை வேகம் 46. அடுத்து வேறொருவரின் வண்டி. அதில் முன்சக்கரத்திலுள்ள மீட்டர் பல்சக்கரத்தை வேறு மாடலுடையதாக மாற்றியிருந்தார்கள். அதே 50-இல் ஆனது 69 வினாடி. உண்மை வேகம் 52! முதல் வண்டி கூட்டிச் சொன்னது. இரண்டாவது குறைத்துச் சொன்னது. இந்த இரண்டாம் வண்டிக்காரரும் “பத்தைக் கழித்து”க் கணக்கிட்டால் என்ன ஆகும்? முள் 70 காட்டும்போது 60-இல் செல்வதாக நினைப்பார்; உண்மையில் 73-இல் பறந்துகொண்டிருப்பார். வேகம் 60-இலிருந்து 73 ஆனால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். நமது சாலையோ கோட்டை மதிலை ஊடுருவி, ராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்வது. ஆடு மாடுகளும், நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்களும், பள்ளிப் பிள்ளைகளும் கடக்கும் சாலை. அங்கே அந்தச் சில மீட்டர் தூரம்தான் உயிருக்கும் சாவுக்கும் இடைவெளி.

நம் ஊர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் கொண்டுவரும் உழவர் தராசு முள்ளைக் கண்கொட்டாமல் பார்க்கிறார். வணிகத்துக்கான மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வேண்டும் என்கிறது சட்டம். ஒரு கிலோ நெல்லுக்கு இவ்வளவு காவல்! வேகமானி கட்டாயம் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 117ஆம் விதி கூறுகிறது. ஆனால் நம் சொந்த உபயோகத்துக்கான காருக்கும் பைக்குக்கும் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை தகுதிச் சான்றுக்காக வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டியதில்லை. இடையில் டயர் மாறும், பல்சக்கரம் மாறும், கேபிள் அறுந்து முள் பூச்சியத்திலேயே உறங்கும். கேட்பார் யார்? ஆண்டுதோறும் புகைச் சோதனை செய்யும் நாம் முள்ளையும் உடன் சோதித்தால் என்ன? அரசு இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதுவரை நாம் வாளாவிருக்க வேண்டுமா? டயரோ மீட்டர் பாகமோ மாற்றினால், அந்த வண்டிக்குரிய அளவையே கேட்டு வாங்குவோம். பின்னால் அமர்பவர் கைப்பேசியில் ஜி.பி.எஸ். வேகத்தையும் பார்த்து ஒப்பிடலாம். பழுதான முள்ளை அன்றே சீர்செய்வோம். எல்லாவற்றுக்கும் மேலாக, முள் காட்டும் எண்ணிலிருந்து எதையும் கழிக்காதிருப்போம்.

கூட்டிச் சொல்லும் முள் நம்மைச் சற்றுத் தாமதமாக வீடு சேர்க்கும். அதை நம்பாத மனமோ, வீடு சேர்க்காமலே விட்டுவிடக்கூடும். நண்பர்களே, எது நட்டம்?