கிராஸ் ஜாயிண்டுக்கு ஓர் உபயக்காரர் தேவை

நம்ம கோயிலோட பழைய ஹைலக்ஸ் பற்றி வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு வாரமா பேச்சு ஓடுது. "வித்துட்டு புதுசு வாங்குங்க"ன்னு பாதிப் பேர். "சத்தம்தானே, ஆடித் திருவிழா முடியட்டும்"னு மீதிப் பேர். வண்டியை ஓட்டுற தொண்டர்கள் நாங்க ரெண்டுக்குமே ஒத்துக்கலை.

கிளட்ச்சை விடும்போது 'டொக்'குன்னு ஒரு அடி. வேகம் கூடினா தரையெல்லாம் அதிர்வு. போன ஞாயிறு சக்கரத்துக்குக் கட்டை வச்சு, கியரை நியூட்ரல்ல போட்டு, கீழே படுத்து பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருப்பிப் பார்த்தோம். கிராஸ் ஜாயிண்ட்லயே ஆட்டம் தெரிஞ்சுது. ஃபோர்மன் கழற்றிக் காட்டினார்: ஊசி பேரிங்கில் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை, செந்துருப் பொடிதான் கொட்டுது. போன வருஷம் ஒரு ஜாயிண்டை மட்டும் மாத்தி, 'செலவு குறைஞ்சுது'ன்னு சந்தோஷப்பட்டதும் நாமதான்.

இதை அப்படியே விட்டா, அதிர்வு டிஃப்ரென்ஷியலோட பினியன் சீலையும் பேரிங்கையும் தின்னும். ஆயில் கசியும். அப்புறம் செலவு வேற கணக்கு. அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. செம்பனைத் தோட்டத்து மேட்டில் அந்த ஷாஃப்ட் உடைஞ்சா, டூ வீல்ல ஓடுற வண்டியைக் கியர் பிடிச்சு நிறுத்தாது. பிரேக் ஒண்ணுதான் துணை. தண்ணித் தொட்டி ஏத்தின வண்டிக்குப் பின்னாலதான் பால்குடம் தூக்கி நம்ம அக்கா, பாட்டிமார் நடந்து வர்றாங்க.

தேய்ஞ்சதுக்கு வயசு மட்டும் காரணமில்லை, எங்க கையும்தான். இந்த வண்டிக்கு நடு டிஃப்ரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே தூரம் ஓடாது. சேத்துல டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிடும். தார் ரோட்டில் வழுக்காது. அந்த முறுக்கு முழுக்க ஷாஃப்ட், ஜாயிண்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல விழும். மேட்டை விட்டு இறங்கியும் ஃபோர் வீலை எடுக்காம பட்டணம் வரைக்கும் ஓட்டினவங்க நம்மில் உண்டு. பேர் சொல்லலை.

சேஸி துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருந்தா, கியர் பெட்டி வெடிச்சிருந்தா, நாங்களே விக்கச் சொல்லியிருப்போம். அப்படி ஒண்ணும் இல்லை. எஞ்சின் நல்லா இருக்கு, உதிரிபாகம் கிடைக்குது. உண்டியலில் விழுற ஒவ்வொரு வெள்ளியும் யாரோ ஒருத்தர் வேர்வை. புது வண்டிக் கடனை அது தலையில கட்ட வேண்டாம். ஆனா இந்த முறை முன் ஷாஃப்ட், பின் ஷாஃப்ட் ரெண்டிலும் எல்லா ஜாயிண்டும் நல்ல தரத்தில் ஒண்ணாவே மாத்தணும்; டிஃப்ரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆயிலும் சேர்த்து.

மாலை உபயம் வருது, அன்னதான உபயம் வருது. கிராஸ் ஜாயிண்ட் உபயம்னு இதுவரை ஒருத்தரும் பேர் எழுதினதில்லை. எழுத விரும்புறவங்க அலுவலகத்தில் சொல்லுங்க, ரசீது உண்டு.

ஓட்டுநர் தம்பிகளுக்கு: கிரீஸ் கன் எண்ணெய் டின் அலமாரிக்குக் கீழ இருக்கு. ஆத்துத் தண்ணியில இறங்கி வந்தா அன்னைக்கே எல்லா நிப்பிளுக்கும் அடிச்சுட்டு வீட்டுக்குப் போங்க.