கண் கண்டதெல்லாம் காரணமாகுமா?

"காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை" என்று எங்கள் உம்மும்மா அடிக்கடி சொல்வார். பழம் விழுந்தது பழுத்ததனால். பழி மட்டும் காகத்துக்கு. இந்தப் பழமொழியின் கனம் எங்கள் வீட்டிலேயே ஒன்று நடந்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

என் மாமா முச்சக்கர வண்டி ஓட்டுபவர். ஒரு நாள் அவரது வண்டி ஒரு சைக்கிளைக் கடந்த அதே கணத்தில், சைக்கிளில் வந்த முதியவர் விழுந்துவிட்டார். அருகிலிருந்த கடையின் கெமராவில் அது பதிவாகியிருந்தது. அதில் ஏழு செக்கன்களை மட்டும் யாரோ வெட்டியெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். "அடிச்சிட்டு ஓடுறான்" என்று மாமாவை அறியாதவர்களும் எழுதினார்கள். உண்மையைச் சொன்னால், முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. அதுதான் என்னை உறுத்தியது. மாமாவை நன்கு அறிந்த எனக்கே ஏன் அப்படித் தெரிந்தது?

பெல்ஜிய உளவியலாளர் அல்பேர்ட் மிஷோட் 1946இல் வெளியிட்ட நூலொன்றில் இதற்கு விடை இருக்கிறது. கணினி இல்லாத அக்காலத்தில், சுழலும் தட்டுகளில் கோடுகள் வரைந்து, அவற்றை ஒரு சிறு பிளவினூடாகப் பார்க்கச் செய்தார் அவர். ஒரு சதுரம் வந்து மற்றதைத் தொடும். உடனே மற்றது நகரும். பார்த்தவர்களுக்கு முதலாவது இரண்டாவதைத் தள்ளியதாகவே தெரிந்தது.

அதை நானும் பவர்பொயின்ட்டில் செய்து பார்த்தேன். "சிவப்பு வந்து பச்சையைத் தள்ளிட்டுது" என்றார் உம்மா. நடுவில் அரைச் செக்கன் தாமதம் வைத்தேன். "இப்ப பச்சை தானாப் போகுது" என்றார். சதுரங்களுக்கு எடையுமில்லை, விசையுமில்லை. இரண்டையும் நகர்த்தியது நான் கொடுத்த கட்டளை. அது தெரிந்திருந்தும் என் கண்ணுக்கும் அது தள்ளுவதாகவே பட்டது!

இயங்கும் உருவங்களுக்கு நாம் குணமும் கொடுத்துவிடுகிறோம். 1944இல் ஹைடர், சிம்மல் என்ற இருவர் அமெரிக்க மாணவிகளுக்கு ஒரு சிறு படம் காட்டினார்கள். அதில் இருந்தவை இரண்டு முக்கோணங்கள், ஒரு வட்டம், கதவுள்ள ஒரு பெட்டி மட்டுமே. என்ன நடந்தது என்று எழுதச் சொன்னபோது, 34 பேரில் ஒருவர் மாத்திரமே அவற்றை வெறும் வடிவங்களாக விபரித்தார். மற்றவர்கள் சண்டையையும் துரத்தலையும் கண்டார்கள். ஒரு முக்கோணத்தையே குற்றவாளியாக்கும் மனதுக்கு, ஒரு மனிதனைக் குற்றவாளியாக்க ஏழு செக்கன் போதாதா?

பஞ்சை நெருப்புத் தொடும்போது அது எரிவதைக் காண்கிறோம். ஆனால் நெருப்பினால்தான் எரிந்தது என்பதைக் கண் காட்டுவதில்லை என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'தஹாபுதுல் பலாஸிபா'வில் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே வாதிட்டார்கள். ஒன்றோடொன்று நிகழ்வது வேறு, ஒன்றால் மற்றொன்று நிகழ்வது வேறு. வட்ஸ்அப் காலத்தில் வாழும் நாம் இதையல்லவா முதலில் படிக்க வேண்டும்?

அப்படியென்றால் காணொளிகளையே நம்பக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். நான் அப்படிச் சொல்லவில்லை. மாமாவைக் காப்பாற்றியதும் அதே கெமராதான். முழுப் பதிவையும் பார்த்தபோது, சைக்கிளின் முன்சில்லு மணலில் சறுக்கியதும், மாமா வண்டியை நிறுத்தி ஓடி வந்து முதியவரைத் தூக்கியதும் தெளிவாகத் தெரிந்தன. அந்த முதியவரும் அதையே சொன்னார். ஆனால் அந்த முழுப் பதிவை யாரும் பகிரவில்லை. மாமா நான்கு நாட்கள் வண்டியை வெளியே எடுக்கவில்லை.

கண் விரைவாகத் தீர்மானிப்பது குறையல்ல. வீதியைக் கடக்கும்போது அந்த விரைவுதான் நம்மைக் காக்கிறது. ஆனால் வீதியில் நாம் காண்பதை யாரும் வெட்டித் தருவதில்லை. திரையில் தொடக்கத்தையும் முடிவையும் வேறொருவர் தெரிவுசெய்கிறார்.

எனவே தோழியரே, பெற்றோரே, அடுத்த முறை ஒரு காணொளியைப் பகிர விரல் போகும்போது, இதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அது உங்கள் கைபேசியோடு நிற்கட்டும். காகத்தின் மீது கல்லெறிய நமக்கு அவசரம் எதற்கு?